இருபத்தொரு ஜோடி

மயோனைஸ் புட்டியில் கொண்டுவந்தார்.
மூடியில் ஆணியடித்த ஓட்டை ஐந்து.
மூச்சுவிட வேண்டியதோ
வரும் வழியிலேயே செத்திருந்தது.

"பெண்டாட்டியைக் கடித்துவிட்டது. விஷமா?"
எவுதோமார் சிரினோ. பராகுவானாவிலிருந்து
இரண்டு பேருந்து மாறி, கோரோ நகரத்தில்
மூன்று நாளாய் மின்சாரமில்லாத எங்கள் அருங்காட்சியகத்துக்கு.

கடிக்கவில்லை, என்றேன்.
தலையை ஒட்டிய கணுவில்
முன்னொரு யுகத்தில் நடந்துகொண்டிருந்த இரண்டு கால்கள்
நடையை விட்டன, வளைந்தன, கூராயின,
நுனியில் துளை வைத்துக்கொண்டன.
உங்கள் மனைவியின் கையில் இறங்கியது
கால்.

"கால்," என்றார் அவர்.
"சொல்கிறேன் அவளிடம். தோள்வரை வீங்கியிருக்கிறது."

மேசையை ஜன்னலுக்கு இழுத்தேன்.
உருப்பெருக்கிக்கு வெயில் போதும்.
வகைப்பாட்டுத் திறவுகோல் இரண்டிரண்டாய்த்தான் கேட்கும்:
கண் உண்டா, இல்லையா?
உண்டு. பக்கத்துக்கு நான்கு, கசகசாவைப் போல.
இது இருட்டு, இது வெளிச்சம்
என்பதற்குமேல் அவற்றிடம் கேட்கக் கூடாது.
கால் இருபத்தொரு ஜோடியா, இருபத்துமூன்றா?
ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
பத்தொன்பதில் எவுதோமார் இருமினார்.
மறுபடி ஒன்றிலிருந்து.

இருபத்தொன்று.
பூரானுக்கு ஜோடிக்கணக்கு ஒற்றைப்படையில்தான் வரும்.
எங்கள் மொழி இதை நூறுபாதம் என்கிறது.
நூறென்றால் ஐம்பது ஜோடி, இரட்டைப்படை.
அந்தப் பெயருக்குப் பொருந்தும் பிராணி
இன்னும் பிறக்கவில்லை.

மூச்சுத்துளைகள் மூன்றிலும் ஐந்திலும்,
ஏழை ஏனோ விட்டுவிட்டு எட்டில்,
அப்புறம் ஒரு கணு விட்டு ஒரு கணு, இருபதுவரை.
இடப்பக்கம் பன்னிரண்டாம் கால்
வெளிறி, குட்டையாய் இருந்தது:
எதனிடமோ விட்டுவிட்டு ஓடிவந்து
தோலுரித்தபோது திரும்ப முளைத்தது.
இதற்குத் திறவுகோலில் கேள்வி இல்லை.

கடைசி ஜோடி நடக்காது, பற்றும்.
அதன் தொடையில் உள்ள முட்களை எண்ணினால்தான்
இனம் தெரியும்.
அங்கேதான் செருப்பு விழுந்திருந்தது.

"அடிக்காமல் பிடிக்க முடியாதா?"
கேட்டதும் வெட்கினேன்.
அவருடைய வகைப்பாட்டில் இரண்டே இனம்:
அடிபட்டது, தப்பியது.
அதை வைத்தே நான்கு பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்.

எங்கே கிடைத்தது என்றேன், சீட்டுக்காக.

"தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்.
குழாய் ஒழுகுகிறதென்று இருட்டில் கை விட்டாள்.
விளக்கோடு போனேன். வட்டமாய்ச் சுருண்டிருந்தது,
நடுவில் மஞ்சளாய், ஊறவைத்த பருப்பு மாதிரி ஒரு குவியல்.
வெளிச்சம் பட்டதும் அதை, அதையே
தின்ன ஆரம்பித்தது.
அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.
அடித்தேன்."

குனிந்தேன் மறுபடி.
நச்சுக்கால்களின் இடுக்கில் நான்
அழுக்கென்று ஒதுக்கியிருந்தது
அழுக்கில்லை.

வாரக்கணக்கில் பட்டினி கிடந்து
ஒவ்வொன்றாய் நக்கிப் பூஞ்சை துடைத்தவள்.
நாலு கண்ணும் நாலு கண்ணும் சேர்ந்து
ஒரே ஒரு செய்தி சொல்லியிருக்கும்:
வெளிச்சம்.

சீட்டைப் பென்சிலால் எழுதுவோம், மை கரைந்துவிடும்.
வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம்.
இனம் என்ற இடத்தில் கேள்விக்குறி.
வெளியே பார்த்துப் பால் சொல்ல முடியாத பிராணி இது;
எழுதினேன், பெண் என்று.
ஆதாரம்: எ. சிரினோ கண்டது.

ஆல்கஹால் தீர்ந்து ஒரு மாதம்.
அவர் நன்றிக்கென்று கொண்டுவந்த கொக்குய் சாராயத்தை
ஆய்வுக்குப்பியில் ஊற்றினேன்.
கத்தாழை மணத்தில் மெல்ல இறங்கினாள்,
வாயில் வைத்திருந்ததோடு.

"விஷமா என்று கேட்டேனே."
ஆமாம். இரண்டு நாளில் வீக்கம் வடியும்.

தலையாட்டினார். மயோனைஸ் புட்டியை
வீட்டுக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கி,
கழுவக் குழாயைத் திருகினார்.
தண்ணீர் வரவில்லை.
சட்டை நுனியால் உட்புறம் துடைத்து, துடைத்து,
ஐந்து ஓட்டை மூடியை இறுக்கிக்கொண்டு
பேருந்துக்கு நடந்தார்.